நீலகிரிக்கான நிலச்சரிவு முன்னறிவிப்பு: எவ்வளவு நம்பலாம்?

மழைக்காலத்தில் நீலகிரி மாவட்டத்துக்காக ஜிஎஸ்ஐ தினமும் தயாரிக்கிற நிலச்சரிவு முன்னறிவிப்பைப் பற்றித்தான் இந்த விமர்சனம். ஜிஎஸ்ஐ என்றால் இந்தியப் புவியியல் ஆய்வு மையம், 1851-ல் கல்கத்தாவில் நிலக்கரி தேடுவதற்காகத் தொடங்கி, இன்று நாட்டின் நிலச்சரிவு வேலைக்கெல்லாம் தலைமை அமைப்பாக இருக்கிற மத்திய அரசு நிறுவனம். அதன் பூசங்கேத் இணையதளமும் பூஸ்கலன் செயலியும் 2024 ஜூலை 19 அன்று வெளிவந்தன, கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் திறக்கப்பட்டதும் அன்றைக்குத்தான். ஆனால் அறிக்கை அதற்கு முன்பே இருந்தது. 2020 பருவமழையிலிருந்து சோதனை முறையில் மாவட்ட நிர்வாகத்துக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தது, இப்போது நாமும் பார்க்கலாம், காசு கிடையாது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையில் வீடோ தோட்டமோ வேலையோ இருக்கிற எல்லாரும் இதைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பச்சை நிறம், அதாவது வாய்ப்பு குறைவு என்று காட்டுகிறது என்பதற்காக நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். ஐந்துக்கு மூன்றரை தருவேன். அந்த மூன்றரையும் இதை உருவாக்கிய கூட்டணிக்காக, குறைகிற ஒன்றரை அந்தக் கூட்டணியில் இன்னும் சேராதவர்களுக்காக. அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இது ஜிஎஸ்ஐ தனியாகச் செய்த வேலை கிடையாது. 2017-ல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு மையத்தோடு சேர்ந்து ஆரம்பித்த லேண்ட்ஸ்லிப் என்ற ஆராய்ச்சித் திட்டத்தில் பிறந்தது. பணம் பிரிட்டன் அரசின் ஆராய்ச்சி நிதியிலிருந்து வந்தது. சோதனைக்கு எடுத்துக்கொண்ட இடங்கள் இரண்டே இரண்டு: மேற்கு வங்கத்தில் டார்ஜிலிங், தமிழ்நாட்டில் நீலகிரி. இப்படி இரண்டு நாட்டுப் புவியியல் ஆய்வு மையங்கள் கைகோத்தன என்று கேட்டதும், ஒப்பந்தம் போட்டார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள், அறிக்கை அலமாரிக்குப் போயிருக்கும் என்றுதான் பலருக்கும் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று படித்துப் பார்த்த பிறகுதான் மரியாதை வந்தது.

நிலச்சரிவை முன்கூட்டிச் சொல்ல மூன்று விஷயம் தெரிய வேண்டும். எந்தச் சரிவு பலவீனமானது, எவ்வளவு மழை விழுந்தால் அது தாங்காது, அந்த அளவு மழை நாளைக்கு வருமா. இந்த மூன்றும் மூன்று வேறு துறைக்காரர்களின் கையில் இருக்கின்றன. முதலாவது புவியியலாளர்கள் வேலை, ஜிஎஸ்ஐ அதில் கெட்டி. மூன்றாவது வானிலைக்காரர்கள் வேலை, அதற்கு நொய்டாவில் இருக்கும் தேசிய நடுத்தர கால வானிலை முன்னறிவிப்பு மையமும் பிரிட்டனின் வானிலை அலுவலகமும் வந்தன. இந்தியாவின் மேல் வருகிற காற்று, மழை அமைப்புகளை 30 வகையாகப் பிரித்து, எந்த வகை வரும்போது எந்த மலையில் கனமழை பெய்ய வாய்ப்பு என்று சொல்கிற ஆய்வு இந்த வானிலைக்காரர்கள் கூட்டில்தான் வந்தது. இரண்டாவதுதான் சிக்கல். எவ்வளவு மழைக்கு மண் விடும் என்று யாரும் பாடப்புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, அந்த மலையில் முன்பு எப்போதெல்லாம் சரிந்தது, அன்றைக்கும் அதற்கு முந்தைய நாட்களிலும் எவ்வளவு பெய்தது என்று வரிசையாக எடுத்து வைத்துத்தான் அந்த எல்லைக்கோட்டைப் போட வேண்டும். இதில் கைதேர்ந்தவர்கள் இத்தாலியின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தவர்கள், பல வருடமாகத் தங்கள் நாட்டு மலைகளுக்கு இதைச் செய்துவருபவர்கள். அவர்களும் வந்தார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரி, நியூகாசில் பல்கலைக்கழகம், இங்கே அம்ரிதா பல்கலைக்கழகம் என்று பட்டியல் நீள்கிறது. அம்ரிதாவை ஏன் சேர்த்தார்கள் என்றால், மூணாறில் ஒரு குடியிருப்புக்கு மேலே மண்ணுக்குள் உணர்கருவிகளைப் புதைத்து, நீரழுத்தம் ஏறுவதைக் கம்பியில்லாமல் அனுப்பி எச்சரிக்கை கொடுத்த அனுபவம் 2009-லிருந்தே அவர்களுக்கு உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பெயர்கள். டார்ஜிலிங் பக்கம் 'சேவ் த ஹில்ஸ்', நீலகிரியில் கோத்தகிரியின் கீஸ்டோன் அறக்கட்டளை. இரண்டும் உள்ளூர் அமைப்புகள், மலைக் கிராமங்களுக்குள் நடந்து போகிறவர்கள், மக்களோடு அவர்கள் மொழியில் பேசுகிறவர்கள். ஒரு தேசிய ஆய்வு நிறுவனம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தைக் கூட்டாளியாகச் சேர்ப்பது சகஜம், கோத்தகிரியில் இருக்கிற ஒரு அமைப்பையும் அதே மேஜையில் உட்காரவைப்பதுதான் அபூர்வம்.

சரி, இவ்வளவு பேர் சேர்ந்து செய்தது கையில் எப்படி வருகிறது?

தினசரி அறிக்கை ஒன்று வரும். அடுத்த ஓரிரு நாளுக்கு மாவட்டத்தின் எந்தப் பகுதியில் சரிவுக்கு வாய்ப்பு எவ்வளவு என்று நிறம் போட்டுக் காட்டும், அதாவது ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் மாதிரிப் பெரிய பகுதிகளுக்கு. உங்கள் தெருவுக்குச் சொல்லாது, உங்கள் வீட்டுக்குப் பின்னால் வெட்டின மண்மேட்டுக்குச் சொல்லவே சொல்லாது. இதைக் குறையாகச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் இன்றைய அறிவியலில் ஒரு பகுதி முழுக்கச் சொல்லக்கூடியது அவ்வளவுதான், அதைத் தாண்டிச் சொன்னால்தான் சந்தேகப்பட வேண்டும். குறிப்பிட்ட ஒரு சரிவைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டுமென்றால் மூணாறு மாதிரி அங்கேயே கருவி புதைக்க வேண்டும், செலவு வேறு, வேலை வேறு.

செயலியில் இன்னொரு வசதி, பலரும் கண்டுகொள்ளாதது, ஆனால் என் கணக்கில் முன்னறிவிப்பைவிட முக்கியமானது: எங்காவது மண் சரிந்திருப்பதைப் பார்த்தால் எங்கே, எப்போது என்று நாமே பதிவு செய்யலாம். ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

அடிப்படை வரைபடம் பற்றி ஒரு வார்த்தை. தேசிய நிலச்சரிவு வாய்ப்பு வரைபடத் திட்டம் என்று 2014-ல் தொடங்கி, 19 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் சுமார் 4.3 லட்சம் சதுர கிலோமீட்டர் மலைப்பகுதியை ஜிஎஸ்ஐ வரைந்து முடித்திருக்கிறது. பெரிய வேலை. ஜிஎஸ்ஐயின் பூகோஷ் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 1:50,000 அளவு, அப்படியென்றால் வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் நிலத்தில் 500 மீட்டர். ஒரு கிராமமே விரல் நுனியில் மறைந்துவிடும். மனை வாங்குகிறவர்கள் இதைப் பார்த்து 'என் இடம் மஞ்சளில் இருக்கிறது, பயமில்லை' என்று முடிவு கட்டுவதைக் கேட்டிருக்கிறேன், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எந்தப் பக்கம் கவனம் தேவை என்று அரசுக்கும் திட்டமிடுகிறவர்களுக்கும் காட்டுகிற படம் அது, மனைக்குச் சான்றிதழ் தருகிற படம் கிடையாது. மனைக்கு என்று தனியாக மண் பரிசோதனை, சரிவுப் பரிசோதனை செய்ய வேண்டும்.

இன்னொன்று, அந்த வரைபடம் மண் எங்கே கிளம்பலாம் என்று காட்டுகிறது. கிளம்பின மண்ணும் பாறையும் எதுவரை ஓடும் என்பது வேறு கணக்கு. வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலை நடந்ததைப் பாருங்கள். சரிவு தொடங்கியது கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,550 மீட்டர் உயரத்தில், மனிதர்கள் இல்லாத காட்டில். இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்களின்படி அது ஆற்றின் வழியே 8 கிலோமீட்டர் தூரம் ஓடியது. முண்டக்கையிலும் சூரல்மலையிலும் இறந்தவர்கள் அந்த ஆற்றின் பாதையில் இருந்தவர்கள், 250-க்கும் மேற்பட்டவர்கள். மண் கிளம்பும் இடத்தை மட்டும் சிவப்படித்துவிட்டு, அது வந்து விழும் இடத்தை விட்டுவிடுகிற வரைபடம் பாதி வரைபடம்தான்.

வயநாட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், இந்தச் சேவையை மதிப்பிடுகிற யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. முன்னறிவிப்பு மையம் திறந்து 11 நாளில் நடந்த விபத்து. வயநாட்டுக்கு ஜிஎஸ்ஐயின் முன்னறிவிப்பு அப்போது சோதனை நிலையில்தான் இருந்தது, அதை மறந்துவிட்டுத் திட்டுவது நியாயமில்லை. ஆனால் ஜூலை 29 அன்று வந்த அறிக்கையில் 30, 31 தேதிகளுக்குப் பச்சை என்றே இருந்தது என்று கேரள முதல்வர் பினராயி விஜயன் வெளிப்படையாகச் சொன்னார். விபத்தையொட்டிய 48 மணி நேரத்தில் அந்தப் பகுதியில் 572 மில்லிமீட்டர் மழை பெய்தது என்றும் அவரே சொன்னார். அதே நேரம் கல்பற்றாவில் ஹியூம் மையம் என்ற சின்ன ஆராய்ச்சி அமைப்பு, மாவட்டம் முழுக்கத் தோட்டக்காரர்களையும் உள்ளூர் ஆட்களையும் வைத்து 200-க்கும் மேற்பட்ட மழைமானிகளில் தினமும் அளவெடுக்கிற அமைப்பு, விபத்து நடந்த இடத்துக்கு அருகிலுள்ள புத்துமலைப் பக்கம் மழை ஏறுவதைப் பார்த்து 29-ஆம் தேதியே நிர்வாகத்தை எச்சரித்தது என்று செய்திகள் வந்தன.

இதை வைத்து 'சின்ன அமைப்பு ஜெயித்தது, பெரிய அமைப்பு தோற்றது' என்று எழுதுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹியூம் மையத்திடம் ஜிஎஸ்ஐயின் வரைபடமோ சூப்பர் கம்ப்யூட்டர் மழைக் கணிப்போ கிடையாது. ஜிஎஸ்ஐயிடம் புத்துமலையில் காலையில் எழுந்து குழாயைப் பார்த்து எவ்வளவு மில்லிமீட்டர் என்று போனில் அனுப்புகிற ஆள் கிடையாது. இரண்டும் ஒரே கூட்டணியில் இருந்திருந்தால் அந்த அறிக்கையின் நிறம் அன்று மாலைக்குள் மாறியிருக்க வாய்ப்பு உண்டு. நீலகிரியில் உட்கார்ந்து இந்தச் செயலியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது, நம் பக்கத்தில் ஹியூம் மையம் மாதிரி ஒன்று எங்கே?

ஏன் உள்ளூர் மழைமானி அவ்வளவு முக்கியம்? நாடு முழுக்க ஓடுகிற மழைக் கணிப்பு மாடல் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது, உலக அளவிலான மாடலில் ஒரு கட்டமே பல கிலோமீட்டர் அளவு. ஊட்டியும் பக்கத்திலிருக்கிற கேத்தியும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடக்கூடும். ஆனால் நீலகிரி மழை அப்படியா பெய்கிறது? 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் பதிவானது, சில நாட்களுக்குள் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2019 ஆகஸ்ட் 9 அன்று அவலாஞ்சியில் 91 சென்டிமீட்டர். இதெல்லாம் ஒரு பள்ளத்தாக்கில் கொட்டி, அடுத்த மேட்டைத் தாண்டினால் பாதிகூட இல்லாமல் போகிற மழை. கட்டத்தின் சராசரியில் கேத்தியின் 82 காணாமல் போய்விடும்.

அந்த இரண்டு தேதிகளை மறுபடி பாருங்கள், ஒன்று ஆகஸ்ட், ஒன்று நவம்பர். இதுதான் நம் மாவட்டத்தின் தனிக்குணம். தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், குந்தா என்று மேற்குப் பக்கத்தை அடிக்கும், வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி, பர்லியார் என்று கிழக்குச் சரிவை அடிக்கும். பெரிய சாவுகள் நடந்தது பெரும்பாலும் இரண்டாவதில்தான். 1978 நவம்பரில் ஊட்டி சுற்றுவட்டாரத்தில் சுமார் 250 சதுர கிலோமீட்டருக்குள் 100-க்கும் மேற்பட்ட சரிவுகள், 1993 நவம்பரில் மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம், 2009 நவம்பர். நாட்டின் பெரும்பாலான மலைகளுக்குச் செப்டம்பரோடு கவலை குறைகிறது, நமக்கு அப்போதுதான் பாதி முடிந்திருக்கிறது. டார்ஜிலிங்கோடு நீலகிரியைச் சோதனைக்கு எடுத்ததற்கு நான் சந்தோஷப்படுகிற காரணமும் இதுதான், இமயமலைக்கு எழுதின விதியை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. அங்கே இளம் மலை, நொறுங்கிய பாறை. இங்கே அடியில் சார்னோகைட் என்கிற பழமையான கெட்டிப் பாறை, அதன் மேல் பல மீட்டர் ஆழத்துக்கு மக்கிச் சிவந்த மண், நடுவே நீர் இறங்காத வெள்ளைக் களிமண் அடுக்கு. மழை நாள் கணக்கில் ஊறி அந்தக் களிமண்ணின் மேல் தேங்கும், பிறகு ஒரு ராத்திரி கனமழையில் மேலே இருக்கிற மொத்தமும் வழுக்கிக்கொண்டு வரும். அதனால் இங்கே இன்றைய மழை எவ்வளவு என்பதோடு, போன வாரம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதும் பாதி விடை.

இப்போது பதிவு விஷயத்துக்கு வருகிறேன். எல்லைக்கோடு போட பழைய சரிவுகளின் பட்டியல் வேண்டும் என்றேன் அல்லவா, பட்டியல் இருக்கிறது. ஜிஎஸ்ஐயிடம் நாடு முழுக்க 80,000-க்கும் மேற்பட்ட சரிவுகள் பதிவாகியிருக்கின்றன. இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையம் 2023-ல் தனியாக ஓர் அட்லஸ் போட்டது, அதிலும் 1998 முதல் 2022 வரை சுமார் 80,000. ஆனால் செயற்கைக்கோள் படத்தில் பார்த்துக் குறித்த சரிவுக்கு இடம் துல்லியமாகத் தெரியும், நாள் தெரியாது. இந்தப் படத்தில் இல்லை, அடுத்த படத்தில் இருக்கிறது, நடுவில் என்றைக்கோ நடந்தது, அவ்வளவுதான். மழைக் கணக்கோடு சேர்க்க நாள் வேண்டும், முடிந்தால் மணியும் வேண்டும்.

மணி எதற்கு என்று கேட்பீர்கள். இந்தியாவில் மழையைக் காலை எட்டரை மணிக்கு அளக்கிறார்கள். கேத்தியின் நவம்பர் 10 கணக்கு என்பது 9-ஆம் தேதி காலை எட்டரையிலிருந்து 10-ஆம் தேதி காலை எட்டரை வரை விழுந்தது. ஒரு சரிவு 9-ஆம் தேதி ராத்திரி பதினொரு மணிக்கு நடந்திருந்தால் அதற்குக் காரணமான மழை 10-ஆம் தேதி என்ற வரியில் எழுதியிருக்கும். யாராவது விவரம் தெரியாமல் 9-க்கு 9 என்று சேர்த்துவிட்டால், கொஞ்ச மழைக்கே சரிந்ததாகக் கணக்கு வரும், எல்லைக்கோடு கீழே இறங்கும், பிறகு சாதாரண மழைக்கெல்லாம் எச்சரிக்கை அடிக்கும், நாலு தடவை அடித்து ஒன்றும் நடக்காவிட்டால் ஜனங்கள் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள். ஒரு தேதிப் பிழைக்கு இவ்வளவு தூரம் விளைவு உண்டு. செயலியில் நாம் பதிவு செய்கிற 'எப்போது' என்கிற கட்டம் ஏன் முக்கியம் என்று இப்போது புரிந்திருக்கும்.

இந்தத் தேதிகள் எங்கே இருக்கின்றன தெரியுமா? எஸ்டேட் ஆபீஸ்களில். பழைய தேயிலைத் தோட்டங்களில் மழை ரெஜிஸ்டர் என்று ஒன்று இருக்கும், நீளமான கணக்குப் புத்தகம், மாதத்துக்கு ஒரு பக்கம், தினம் ஒரு வரி. பழைய பக்கங்களில் இன்ச், சென்ட் என்று எழுதியிருப்பார்கள், நூறு சென்ட் ஒரு இன்ச். நான் பார்த்த ஒன்றில் மழை அளவுக்குப் பக்கத்திலேயே ஓரத்தில் பென்சிலால் 'ரோடு அடைப்பு', 'லைன் வீட்டுச் சுவர் விழுந்தது' என்று குறிப்புகள் இருந்தன. எழுதிய குமாஸ்தாவுக்கு அது நிலச்சரிவு ஆராய்ச்சி என்று தெரிந்திருக்காது, ஆனால் மழையும் சரிவும் தேதியோடு ஒரே வரியில் இருக்கிற அந்தப் பக்கத்துக்கு ஈடாக எந்தச் செயற்கைக்கோள் படமும் கிடையாது. பக்கங்கள் ஓரம் நைந்து, கரையான் பிடித்துப் போய்க்கொண்டிருக்கின்றன. தோட்டம் கைமாறினால் பழைய காகிதம் எடைக்குப் போகும்.

ரயில்வேயிடமும் இருக்கும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை மலை ரயில் பாதையில் மண் விழுந்தால் அன்றைக்கு வண்டி ரத்து, அதற்குத் தேதி, இடம், எவ்வளவு மண் அள்ளினார்கள் என்று எல்லாம் எழுத்தில் இருந்தாக வேண்டும். நெடுஞ்சாலைத் துறையிலும் அப்படியே, ஜேசிபி வாடகைக்குப் பில் போட்ட நாளெல்லாம் சரிவு நடந்த நாள்தான். மாவட்ட நிர்வாகம் அபாயமானவை என்று பருவமழைக்கு முன்னால் சொல்கிற 283 இடங்களுக்குப் பின்னாலும் இப்படிப்பட்ட அனுபவம்தான் இருக்கிறது. ஊட்டியில் மத்திய அரசின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் பல பத்தாண்டுகளாக இந்தச் சரிவுகளில் மண் அரிப்பை அளந்து வருகிறது. இவர்களெல்லாம் ஜிஎஸ்ஐயின் அடுத்த கூட்டாளிகளாக இருக்க வேண்டும். இத்தாலியிலிருந்து கணிதம் வந்தாயிற்று, நல்லது, வேண்டியதுதான். அந்தக் கணிதத்துக்குப் போட வேண்டிய எண்கள் குன்னூரில் பூட்டின பீரோவில் கிடக்கின்றன.

அறிக்கை யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதிலும் இதே கதை. ஜிஎஸ்ஐ கலெக்டர் அலுவலகத்துக்கு அனுப்பும், அங்கிருந்து தாசில்தார், விஏஓ என்று இறங்க வேண்டும். ஸ்மார்ட் போன் இருக்கிறவர்கள் செயலியில் பார்க்கலாம். மழை நாளில் மலையில் கரண்ட் போகும், டவர் போகும், எச்சரிக்கை மிகவும் தேவைப்படுகிற ராத்திரியில்தான் போன் செத்துக் கிடக்கும், இது இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். கீஸ்டோன் நடத்துகிற கோத்தகிரி சமுதாய வானொலி பழங்குடி மொழிகளிலும் பேசுகிறது, பேட்டரி ரேடியோவில் கேட்கலாம். மழைக்காலம் முழுக்க ஒவ்வொரு மாலையும் இந்த அறிக்கையை அங்கே வாசித்தால் செயலியைவிட அதிகம் பேரை எட்டும் என்பது என் அபிப்பிராயம். வாசிக்கும்போது 'மிதமான வாய்ப்பு' என்று மட்டும் சொல்லாமல், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். நிறத்தைப் பார்த்து ஒரு தாய் குழந்தைகளை எழுப்பிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டுமா வேண்டாமா என்பதுதான் கேள்வி, அதற்குப் பதில் தராத அறிக்கை எவ்வளவு துல்லியமாக இருந்தும் பிரயோசனம் குறைவு.

இந்த மாதிரிக் கூட்டணிகளின் பெரிய பலவீனம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். திட்டத்துக்கு ஆயுள் உண்டு. பணம் தீர்ந்தால் வெளிநாட்டுக் கூட்டாளிகள் அடுத்த திட்டத்துக்குப் போய்விடுவார்கள், கட்டுரைகள் வெளிவந்திருக்கும், அவர்களுக்கு வேலை முடிந்தது. பெரும்பாலான கூட்டு ஆராய்ச்சிகள் அந்த இடத்தில் செத்துவிடும். இங்கே அப்படி ஆகவில்லை, அதற்காகவே ஜிஎஸ்ஐக்கு முழு மனதோடு பாராட்டு. லேண்ட்ஸ்லிப் முடிந்த பிறகும் அந்த முன்னறிவிப்பு முறையைத் தங்கள் சொந்த ஆட்களை வைத்து ஓட்டுகிறார்கள், தனி மையமே திறந்தார்கள், வேறு மாநிலங்களுக்கும் கொண்டுபோகிறார்கள், 2030-க்குள் சரிவு அபாயம் உள்ள எல்லா மாநிலங்களுக்கும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சியாக வந்தது அன்றாட வேலையாக மாறியிருக்கிறது, அது சின்ன விஷயம் இல்லை.

தமிழ்நாட்டில் இது நீலகிரியோடு நின்றுவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் வீடு புதைந்து 7 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகள் அதிகம். அங்கே சரியும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. கொடைக்கானல், வால்பாறை, ஏற்காடு எல்லாம் வரிசையில் இருக்கின்றன.

சரி, பயன்படுத்த நினைக்கிறவர்களுக்கு: மழைக்காலத்தில் தினமும் மாலை ஒரு தடவை அறிக்கையைப் பாருங்கள். நிறம் உயர்ந்திருந்தால் சரிவுக்கு அடியிலும் ஓடைக்கரையிலும் இருக்கிறவர்கள் ராத்திரியை வேறு இடத்தில் கழிக்க ஏற்பாடு செய்யுங்கள். பச்சையாகவே இருந்தாலும் வீட்டுக்கு மேலே மண்ணில் புதிதாக வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய ஊற்று, திறக்க மறுக்கிற கதவு என்று எதைக் கண்டாலும் அறிக்கைக்காகக் காத்திருக்காமல் வெளியேறுங்கள், அந்த நேரத்தில் உங்கள் கண்தான் கிட்டத்தில் இருக்கிற கருவி. வாரக்கணக்கில் ஊறிய பிறகு கனமழை என்றால் கூடுதல் கவனம். அப்புறம், எங்கே சரிவைப் பார்த்தாலும், பத்தடி மண்ணாக இருந்தாலும், சாலையில் இல்லாமல் தோட்டத்துக்குள் இருந்தாலும், நேரத்தோடு செயலியில் பதிவு போடுங்கள். சாலையில் விழுந்தது எப்படியும் யாராவது எழுதிவிடுவார்கள், தோட்டத்துக்குள்ளும் காட்டோரத்திலும் விழுவதுதான் பட்டியலில் வராமலே போகிறது.

உங்கள் தோட்டத்திலோ, தாத்தா வேலை பார்த்த எஸ்டேட்டிலோ மழை ரெஜிஸ்டர் இருந்தால், 1978, 1993, 2009 நவம்பர் பக்கங்களை முதலில் போட்டோ எடுத்து வையுங்கள். கீஸ்டோனிலோ ஜிஎஸ்ஐயிலோ கொண்டுபோய்க் கொடுங்கள், இன்ச்சில் இருந்தாலும் பரவாயில்லை.